கறுப்பு எட்டு

1976

பிப்ரவரி 4 — 940 அடி
பிப்ரவரி 9 — 872 அடி
பிப்ரவரி 16 — 731 அடி
பிப்ரவரி 23 — 655 அடி
மார்ச் 2 — 566 அடி
மார்ச் 8 — 573½ அடி
மார்ச் 11 — 573½ அடி

இவை ஒரு மர்மப் படத்தின் தொடக்கக் காட்சி அந்தந்த நாளில் இருந்த நீளம். திரையில் தொண்ணூறு அடி ஓடினால் ஒரு நிமிடம். ஒரு அடிக்குப் பதினாறு பிரேம், அதாவது பதினாறு தனித்தனிப் படங்கள். 940 அடியை 566 அடியாக ஒரு பெண் குறைத்தார். பிறகு அது ஏழரை அடி கூடியது. அந்த ஏழரை அடியில்தான் அவருடைய பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் கத்திரி அக்கா என்றார்கள். இடுப்பில் நாடா கட்டி அதில் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருப்பார். இடது கையில் மட்டும் வெள்ளைத் துணி உறை. ஃபிலிமைப் பிடிக்கும் கை அது. வலது கைக்கு உறை கிடையாது. "வெட்டுற கைக்கு வெட்டுறது தெரியணும்" என்பார்.

பத்தொன்பது வயதில், ஃபிலிம் கழுவும் லேபில் அறுந்த ஃபிலிமை ஒட்டும் வேலைக்கு வந்தவர். பிறகு பதினொரு வருடம் எடிட்டருக்கு உதவியாள். படத்தின் பெயர் அட்டைகளில் "உதவி" என்று ஒரு அட்டை வரும். அதில் ஒன்பது பெயர்கள் இருக்கும். அட்டை இரண்டு விநாடி நிற்கும். அக்காவின் பெயர் ஏழாவது. ஒருமுறை மகளைத் தியேட்டருக்கு அழைத்துப்போய், "இப்ப வரும் பாரு, இப்ப வரும்" என்று காட்டியிருக்கிறார். அப்போது மகளுக்கு எட்டு வயது. மறுநாள் எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"என்னக்கா, மகள் பாத்துச்சா?"

"எங்க பாத்தா? 'அம்மா, உன் பேரு வர்றதுக்குள்ள எனக்குத் தும்மல் வந்துடுச்சு'ங்கறா."

சிரித்தார்தான். ஆனால் அதற்குப் பிறகு மகளை எந்தப் படத்துக்கும் அவர் அழைத்துப்போகவில்லை.

எடிட்டிங் பிரிவில் பதிவு எழுதுவது என் வேலை. எந்தத் துண்டு, எத்தனையாம் எண்ணிலிருந்து எத்தனையாம் எண் வரை, எவ்வளவு நீளம் என்று தாளில் எழுதி, மூலத்தை லேபில் நெகட்டிவ் வெட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, கார்பன் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். கத்திரி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் "வாங்க, போங்க" மரியாதையை விடமாட்டார். கோபம் வந்தால் மட்டும் "ரிஜிஸ்டர்" என்பார்.

அந்தப் படத்தின் எடிட்டருக்கும் தயாரிப்பாளருக்கும் ஏதோ மனத்தாங்கல். எடிட்டர் பாதியில் வேறு படத்துக்குப் போய்விட்டார். தயாரிப்பாளரை நாங்கள் முதலாளி என்போம். நல்ல மனிதர், பொறுமை மட்டும் கிடையாது. ஜனவரி 29 அன்று எடிட்டிங் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"ஏம்மா, ஆரம்பக் காட்சியை நீயே வெட்டு. விநியோகஸ்தருங்க பாக்கட்டும். அவங்க அசையாம உட்கார்ந்து பாத்தாங்கன்னா படம் முழுக்க நீதான். எடிட்டிங்னு போட்டு உன் பேரைத் தனி அட்டையா போடறேன்."

"அசைஞ்சா?"

"அசைஞ்சா சண்டைக் காட்சியைத் தூக்கி முன்னால வெச்சுக்குவேன். வேற ஆள் வந்து வெட்டட்டும். நீ பழையபடி ஏழாவது பேரு."

அவருக்கு அது ஏழாவது பெயர் என்று தெரிந்திருந்ததில் அக்காவுக்கு ஆச்சரியம். "எண்ணி வெச்சிருக்காரு பாருங்க" என்றார் என்னிடம்.

காட்சி இதுதான். வேலை முடிந்து ஒரு பெண் தன் வாடகை அறைக்குத் திரும்புகிறாள். கையில் ஒரு பை. மூன்று மாடி ஏறுகிறாள். கதவைத் திறக்கிறாள். விளக்கைப் போடுகிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து மேசையில் வைக்கிறாள். அது அன்றுதான் வாங்கியது. அப்போது பார்த்தால் மேசையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் இருக்கிறது, அரை டம்ளர் தண்ணீரோடு. அவள் வைத்தது அல்ல. அங்கே பெயர் அட்டைகள் தொடங்கும்.

இயக்குநர் எடுத்துக்கொடுத்த 940 அடியில் இன்னும் நிறைய இருந்தது. வீட்டுக்காரம்மா படிக்கட்டில் நின்று வாடகையைப் பற்றிப் பேசுவது, வயலின் இசை, திரைச்சீலைக்குக் கீழே தெரியும் ஓர் ஆணின் செருப்புகள். பிப்ரவரி 9 அன்று வீட்டுக்காரம்மா போனார். பிப்ரவரி 16 அன்று வயலினும் செருப்பும் போயின. இயக்குநர் குரல் உயர்த்தாத மனிதர். அன்று மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தச் செருப்பு ஷாட்டுக்கு ரெண்டு நாள் ஆச்சும்மா."

"உங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு சார். பாக்கிறவனுக்கு ரெண்டு விநாடியில உள்ள ஆள் இருக்கான்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சப்புறம் பாக்கிறவன் எதுக்குப் பயப்படணும்? அவள்தானே பயப்படணும்?"

இயக்குநர் "சரி, பாக்கிறவனே பயப்படட்டும்" என்றார்.

பிப்ரவரி 23. எங்களுக்கெல்லாம் புரியாத ஒன்றை அன்று செய்தார். தெருவையும் பஸ்ஸையும் வெட்டியவர், படிக்கட்டைத் தொடவில்லை. மூன்று மாடியும் முழுசாக ஏறியாக வேண்டும் என்றார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் படம் எடுத்தேனா, படிக்கட்டு எடுத்தேனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் கேட்டேன். நேராகப் பதில் சொல்லாமல் இயந்திரத்தை ஓட்டினார். ஃபிலிமைச் சிறு திரையில் ஓட்டிப் பார்க்கும், கால் மிதியால் இயங்கும் மூவியோலா அது, தையல் இயந்திரம்போலச் சத்தம் போடும்.

"முதல் மாடி ஏறும்போது ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மாடியில அலுப்பா இருக்கா?"

"இருக்குக்கா."

"மூணாவது மாடியில பாருங்க."

பார்த்தேன். முதல் மாடியில் விளக்கு எரிந்தது. இரண்டாவதில் விளக்கு நடுங்கியது. மூன்றாவதில் விளக்கு இல்லை, கதவுக்கு முன்னால் மிதியடி கோணலாகக் கிடந்தது. இதெல்லாம் எடுத்த ஃபிலிமில் முன்பே இருந்தவை. வேறு வேறு டேக்குகளில் சிதறிக் கிடந்தன. அவர்தான் பொறுக்கி இந்த வரிசையில் வைத்திருந்தார். மிதியடி கோணலாகக் கிடந்த டேக்கை இயக்குநர் பிழை என்று தள்ளியிருந்தார். அதன்மேல் சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறி இருந்தது. அக்கா அதை அழித்து வட்டம் போட்டிருந்தார். எங்கள் அறையில் பெருக்கல் என்றால் வெட்டு. வட்டம் என்றால் யார் சொன்னாலும் வெட்டக் கூடாது.

"அலுப்பு கொஞ்சம் சேத்து வெச்சிருந்தாத்தான் தம்பி, அது பயமா திரும்பும். வெறும் பையிலிருந்து எதை எடுக்க முடியும்?"

பயத்தை அளக்கும் இந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 29 அன்று, எனக்குத் தெரிந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய தாள் ஒன்றோடு அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் அவரே எதிர்ப்பட்டார், சேர்ந்து நடந்தோம். முன்னறையில் ஜன்னலோரம் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். முப்பத்து நாலு வருடம் தபால்காரராக இருந்தவர். அறுபது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. நாங்கள் கேட்டைத் திறப்பதற்கு முன்பே குரல் வந்தது.

"ரெண்டு பேர் வர்றீங்க. ஒண்ணு என் மருமக. இன்னொருத்தருக்கு வலது செருப்புல வார் அறுந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். ஊக்கு குத்தி வைத்திருந்தேன். ஊக்கு திறந்துகொண்டிருந்தது.

"எப்படி ஐயா?"

"ஊர் முழுக்க நடந்தவன்கிட்ட நடையைப் பத்திக் கேக்கறீங்களே. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது கத்தும். இந்தப் பக்கம் உட்காருங்க."

"மாமாவுக்கு அந்த நாற்காலியைக் கண்டா பயம்" என்றார் அக்கா.

"கண்டா இல்லம்மா, கேட்டா." கிழவர் என் பக்கம் திரும்பினார். "போன மாசம் ஒரு மத்தியானம். இவ வேலைக்குப் போயிட்டா, என் பையன் லாரியோட வெளியூர், பேத்தி பள்ளிக்கூடம். வீட்டுல நான் மட்டும். அடுத்த அறையில அந்த நாற்காலி நகர்ந்துச்சு. கர்ர்னு. யாருன்னேன். பதில் இல்ல. அப்புறம் தாவிக் குதிச்சுது. பூனை. பூனைன்னு தெரியற வரைக்கும் நான் செத்துட்டேன் தம்பி."

"அஞ்சு விநாடி இருக்குமா மாமா?" என்று அக்கா கேட்டார்.

"கடிகாரமா பாத்தேன்? உனக்கு எல்லாத்துக்கும் அளவு."

மார்ச் 2, செவ்வாய்க்கிழமை, காட்சி 566 அடியில் நின்றது. கதவு திறப்பதற்கும் விளக்கு எரிவதற்கும் நடுவே எட்டு பிரேம் வெறும் கறுப்பு வைத்திருந்தார். ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒருமுறை கண் இமைக்கும் நேரம். "அவள் இமைக்கட்டும், நாமும் இமைப்போம்" என்றார். நெகட்டிவ் பிரிவுக்கு அனுப்புவதற்காக அன்று மாலை நான்கு மணிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

இங்கே எங்கள் தொழிலின் பேச்சு வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்துண்டுகளுக்கு வெறும் எண் சொன்னால் அது பிரேம். அடியாக இருந்தால் "அடி" என்று சேர்த்துச் சொல்வோம். கறுப்பு மட்டும் விதிவிலக்கு. கறுப்பு ஃபிலிமை ரீலின் தலையிலும் வாலிலும் மட்டுமே ஒட்டுவது வழக்கம். அது எப்போதும் அடிக் கணக்குதான், ஆகவே யாரும் "அடி" என்று வாயால் சொல்வதில்லை. காட்சிக்கு நடுவில், பிரேம் கணக்கில், கறுப்பு வைத்தவர் எங்கள் ஸ்டூடியோவில் அதுவரை யாரும் இல்லை.

முப்பத்தொன்றாம் தாளின் நடுவில் அந்த வரி வந்தது. அவர் "கறுப்பு எட்டு" என்றாரா, "கறுப்பு எட்டு அடி" என்றாரா என்பது பிற்பாடு எவ்வளவு யோசித்தும் என் நினைவுக்கு வரவில்லை. தாள் லேபுக்குப் போயிற்று. அங்கே தாளில் இருப்பதுதான் சட்டம். எட்டு அடி என்றிருந்தால் எட்டு அடி வைப்பார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள்.

மார்ச் 8, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தக் காட்சியின் படமும் சத்தமும் சேர்ந்த முதல் பிரதி வந்தது. முதலாளி, இயக்குநர், அக்கா, நான், நான்கு பேர் பார்த்தோம். விநியோகஸ்தர்களுக்கு வியாழக்கிழமை காட்ட வேண்டும். நடுவில் இரண்டே நாள்.

படிக்கட்டு வரை ஒன்றும் இல்லை. கதவு திறந்தது. திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. விளக்குப் போடும் 'டக்' சத்தம் கேட்டது, விளக்கு எரியவில்லை. இருட்டில் நாற்காலி இழுபட்டது. மேசையில் டம்ளர் வைக்கும் சத்தம் வந்தது. பிறகுதான் வெளிச்சம். அறையில் அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நடந்து வந்து சத்தமே இல்லாமல் நாற்காலியை இழுத்தாள். சத்தமே இல்லாமல் டம்ளரை வைத்தாள்.

கறுப்பு அரை அடிக்குப் பதில் எட்டு அடி ஆகியிருந்தது. படம் ஏழரை அடி நீண்டது, சத்தம் நீளவில்லை. அதனால் அந்த இடத்திலிருந்து எல்லாச் சத்தமும் சரியாக ஐந்து விநாடி முந்தி வந்தது.

முதலாளி எழுந்துவிட்டார். "என்ன இது? யார் வேலை? எந்தத் தாள்ல யார் எழுதினது? கொண்டாங்க தாளை!"

நான் கோப்பை எடுக்க எழுந்தேன். அக்கா எழவில்லை. கத்தரிக்கோலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். திரை வெறுமையாக இருந்தது, இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாள் எதுக்குங்க? எட்டு அடின்னு நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னியா? அப்ப சத்தம் ஏன் முந்திக்கிட்டு வருது?"

"அதை இனிமேதான் சரி பண்ணணும். ரெண்டு நாள் இருக்கே."

"ஏம்மா, அஞ்சு விநாடி கறுப்பு போட்டா உள்ள உட்கார்ந்திருக்கிறவன் விளக்கு போச்சுன்னு விசில் அடிப்பான். வெட்டி எறி."

வெட்டி எறிவது சுலபம். இரண்டு மணி நேர வேலை. ஏழரை அடியை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி பொருந்திவிடும். முதலாளியிடம் நல்ல பெயரும் கிடைக்கும். தனி அட்டைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"வியாழக்கிழமை அவங்க பாக்கட்டும்" என்றார் அக்கா. "ஒருத்தர் எழுந்து வெளிய போனாலும் நானே வெட்டிடறேன். அட்டையும் வேண்டாம்."

முதலாளி அவரையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். இயக்குநர், "எனக்கு மயிர் கூச்செறிஞ்சுதுங்க" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "அக்கா, அன்னிக்கு நீங்க அடின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்ல? என்னை ரெண்டு தடவை சொல்ல வைக்காதீங்க, ரிஜிஸ்டர்."

ரிஜிஸ்டர் என்றதால் கோபம் என்று தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் ஒலிப்பதிவு அறையில் அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒலிப்பதிவாளர் எல்லாச் சத்தத்தையும் ஐந்து விநாடி பின்னுக்குத் தள்ளப் போனார்.

"வேண்டாம் அண்ணே. 'டக்'கை மட்டும் தள்ளுங்க. வெளிச்சத்தோட வரட்டும்."

"நாற்காலி?"

"இருட்டுலயே இருக்கட்டும்."

"அப்ப அவ நாற்காலியை இழுக்கும்போது ஊமைப் படமா?"

"அப்பவும் அதே சத்தத்தைப் போடுங்க. வேற நாற்காலிச் சத்தம் வேண்டாம். அதே துண்டைப் பிரதி எடுத்து ஒட்டுங்க."

அண்ணனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்தபோது விளங்கியது. கதவு திறக்கிறது. இருட்டு. உள்ளே எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிறது. ஒரு டம்ளரை யாரோ மேசையில் வைக்கிறார்கள். 'டக்'. வெளிச்சம். அறையில் யாரும் இல்லை. அந்தப் பெண் நடந்து வந்து நாற்காலியை இழுக்கிறாள். அதே சத்தம். நம் காது அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த நாற்காலியில்தான், இப்போதுதான், ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதன் பிறகு மேசையில் அந்த அரை டம்ளர் தண்ணீர் தெரிகிறது. செருப்பைக் காட்டாமலே ஆளைக் காட்டியாயிற்று.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். "இதை எங்கம்மா பிடிச்சே?"

"எங்க மாமனார் குடுத்தது" என்றார்.

எட்டு அடிக் கறுப்பு தவறுதலாக யார் படத்திலும் நுழைந்திருக்கலாம். அந்த இருட்டுக்குள் ஒருவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டவர் அவர் ஒருவர்தான். முதலாளி கத்திக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் கண்டிருக்கிறார்.

மார்ச் 11, வியாழக்கிழமை, காலை பத்து மணி. இருபத்திரண்டு இருக்கை கொண்ட சிறிய தியேட்டர். ஏழு விநியோகஸ்தர்கள். அவர்களில் ஒருவருக்குப் பாதிப்படம் என்று பெயர். எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. முதல் பத்து நிமிடத்துக்குள் தேநீர் குடிக்க எழுந்து போவார். அவர் எழுந்தால் மற்ற ஆறு பேரும் எழுவார்கள்.

அக்காவுக்கு அவரைவிடப் பெரிய கவலை, படம் ஓட்டும் ஆபரேட்டர். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் மாமா. திரை கறுப்பானால் ஆபரேட்டரின் கை தானாக விளக்கிடம் போய்விடும். அதற்காக ரீல் டப்பாவின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னார். நான்தான் எழுதினேன்: "கறுப்பு வரும். கை வைக்காதீர்கள்."

ஆபரேட்டர் மாமா அதைப் படித்துவிட்டு எங்களை முறைத்தார். "ஏம்மா, கறுப்பு வந்தா கை வெச்சே பழகின கை இது. இதை என்ன பண்ணச் சொல்றே?"

"கட்டிக்கிட்டு நில்லுங்க மாமா."

"உன் படத்துக்கு நான் கை கட்டி நிக்கணுமா?"

"அஞ்சேகால் விநாடி போதும்."

அக்கா ஆபரேட்டர் மாமாவோடு இயந்திர அறையிலேயே நின்றுகொண்டார். சின்னச் சதுர ஓட்டை வழியாக அவர் பார்த்தது திரையை அல்ல, ஏழு பின்னந்தலைகளை. நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

படிக்கட்டின் இரண்டாவது மாடியில் பாதிப்படம் இருக்கையின் கையைப் பிடித்தார். எழப்போகிறார் என்று அர்த்தம். மூன்றாவது மாடியில் உடம்பு பாதி எழுந்தாயிற்று. கதவு திறந்தது. கறுப்பு.

"விளக்கு போச்சு!" என்று யாரோ முன்வரிசையில் கத்தினார். "யோவ், ஆபரே—"

நாற்காலி இழுபட்டது.

கத்தியவரின் குரல் அந்தச் சொல்லின் நடுவிலேயே நின்றது. டம்ளர் மேசையில் உட்கார்ந்தது. 'டக்'. வெளிச்சம். வெற்று அறை. அந்தப் பெண் நாற்காலியை இழுத்தபோது, இரண்டாம் வரிசையில் ஒருவர் இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். பாதிப்படம் எழுந்தும் எழாமலும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மேசையில் அந்த அரை டம்ளர் தண்ணீர் தெரிந்த பிறகுதான் மெல்ல உட்கார்ந்தார். அன்று அவர் தேநீர் குடிக்கவில்லை.

காட்சி முடிந்ததும் முதலாளி இயந்திர அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். "பாதிப்படம் முழுப்படம் ஆயிட்டாரும்மா!" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "தனி அட்டை" என்றார்.

ஆபரேட்டர் மாமா இன்னும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். "இப்ப அவிழ்க்கலாமா?" என்று கேட்டார்.

நாற்பத்திரண்டு பிரதிகளுக்கும் அந்தச் சீட்டை நானே எழுதினேன். அப்படியும் மூன்று தியேட்டர்களில் ஆபரேட்டர்கள் விளக்கில் கை வைத்தார்கள். இருட்டுக்குப் பழகாத கை அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

படம் வெளியான வாரம், மே 15, சனிக்கிழமை பகல் காட்சிக்கு அக்கா குடும்பத்தோடு போனார். என்னையும் அழைத்தார். மாமனாரும் வந்தார். படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "இவளுக்குக் கால் வலிக்குது, குதிகால் உயரச் செருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பு வந்தது. எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்று பேத்தி காதில் சொன்னாள். "தாத்தா, ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு!"

கிழவர் சத்தமாகவே சிரித்தார். "இப்பதான் எல்லாரும் என் வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

பிறகு பெயர்கள் வந்தன. எடிட்டிங் அட்டையின் நீளம் ஆறு அடி, அதாவது நான்கு விநாடி. அதில் ஒரே ஒரு பெயர். அக்கா திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மகளே சொன்னாள். "நடுவுல தும்மல் வந்துச்சும்மா. தும்மிட்டு, மூக்கைத் துடைச்சுட்டுப் பாத்தேன். அப்பவும் உன் பேரு இருந்துச்சு."

அதன் பிறகு இருபத்தொரு வருடத்தில் அறுபத்தொரு படங்களை அவர் வெட்டினார். எல்லாவற்றிலும் தனி அட்டை. அவரிடம் வேலை கற்றவர்கள் இன்றும் ஒரு ஆளைக் காட்டுவதற்கு முன் அவன் சத்தத்தை விடுகிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதில் எனக்கென்று ஒரு குறை இருந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் கோப்புகளைச் சரிபார்த்தபோது முப்பத்தொன்றாம் தாளின் கார்பன் நகல் இல்லை. முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு. லேபில் விசாரித்தேன், மூலத்தை எரித்துவிட்டார்கள். அக்காவிடம் கேட்டேன்.

"எலி தின்னிருக்கும் தம்பி."

"ஒரே ஒரு தாளை மட்டுமா?"

"படிச்ச எலி போல."

ஸ்டூடியோ மூடியபோது கோப்புகளை எடுத்துக்கொண்டுபோகச் சொன்னார்கள், வீட்டில் வைத்திருக்கிறேன். அக்கா 1997இல் ஓய்வுபெற்று மகளோடு வேறு ஊருக்குப் போனார். அங்கிருந்து கடிதம் எழுதுவார், நானும் எழுதுவேன். இருபத்திரண்டு கடிதங்கள் வந்திருந்தன. மாமனார் காலமானது, மகளுக்குக் குழந்தை பிறந்தது, தன் இடது கை நடுங்க ஆரம்பித்தது, எல்லாம் எழுதினார். ஒவ்வொரு பதிலிலும் நான் கடைசி வரியாக முப்பத்தொன்றாம் தாளைக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் "எலியைக் கேளுங்கள்" என்று பதில் வரும்.

இருபத்து மூன்றாவது கடிதத்தின் உறையில் முகவரி மகளின் கையெழுத்து. உள்ளே அக்காவின் எழுத்து, கோணல்மாணலாக, ஐந்தே வரி.

"தம்பி, எலி இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தது. முதலாளி தாளைக் கேட்ட அன்று, நீங்கள் வெளியே போன நேரத்தில் எடுத்தேன். தாளின் கீழே நான் சொன்ன கூட்டுத்தொகை எட்டு பிரேமுக்குத்தான் பொருந்தும்; அவர் பார்த்திருந்தால் அன்றே உங்களை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். நான் சொன்னது எட்டு. அடி உங்களுடையது. அந்த அடி இல்லாவிட்டால் நான் இன்னும் ஏழாவது பெயர்."

கூடவே முப்பத்தொன்றாம் தாள் இருந்தது, நான்காக மடித்து. நடுவில் என் கையெழுத்தில் "கறுப்பு — 8 அடி". அடி என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

வாரக் கடைசியில் அவர் மகள் தொலைபேசியில் பேசினாள். கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் காலை அம்மா போய்விட்டதாகச் சொன்னாள்.

தாளை முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே வைத்துவிட்டேன். கோப்பில் இப்போது குறை எதுவும் இல்லை. தாளின் ஓரத்தில், திரும்பக் கிடைத்த நாள் என்று, அந்தக் கடிதம் வந்த தேதியை எழுதியிருக்கிறேன்: 2009 அக்டோபர் 19, திங்கட்கிழமை.